25 அடி தண்ணீர் என்றால் எவ்வளவு தண்ணீர்?

கார்த்திகை பிறந்தால் எங்கள் வேலூர், ராணிப்பேட்டைப் பக்கத்துச் செய்திப் பக்கங்களில் ஒரு வரி தவறாமல் வந்துவிடும். 'காவேரிப்பாக்கம் ஏரியின் நீர்மட்டம் 25 அடியை எட்டியது. ஏரியின் முழு உயரம் 30.65 அடி.' படிப்பவர் உடனே மனக்கணக்குப் போடுவார். முப்பதுக்கு இருபத்தைந்து வந்தாயிற்று, இன்னும் அஞ்சாறு அடிதான் பாக்கி, நல்ல மழை இரண்டு பெய்தால் ஏரி நிரம்பிக் கோடி போய்விடும், அதாவது வழிந்துவிடும். அப்புறம் மழையும் பெய்யும், வாரமும் ஓடும், ஏரி 27 அடியைத் தாண்டாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். 'கால்வாயை எங்கேயோ திருப்பி விட்டுட்டாங்க' என்று டீக்கடையில் பேச்சு கிளம்பும்.

சில வருஷங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் யாரும் எதையும் திருப்பாவிட்டாலும் ஏரி அப்படித்தான் நடந்துகொள்ளும். தவறு மனக்கணக்கில் இருக்கிறது. 25 அடி வந்திருக்கும்போது அந்த ஏரியில் ஏறக்குறைய பாதித் தண்ணீர்தான் இருக்கும்.

அது எப்படி என்பதற்கு வெளியில் கிடைக்கும் மூன்று எண்கள் போதும். காவேரிப்பாக்கம் ஏரியின் பரப்பு 3,968 ஏக்கர். முழுக் கொள்ளளவு 1,474 மில்லியன் கன அடி. உயரம் 30.65 அடி. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி என்பதால் பரப்பு 17 கோடியே 28 லட்சம் சதுர அடி ஆகிறது. கொள்ளளவை இந்தப் பரப்பால் வகுத்துப் பாருங்கள், எட்டரை அடி வரும். ஏரி தளும்ப நிறைந்து கரையோரம் முப்பது அடி நிற்கும் அன்றைக்கும், ஏரி முழுவதற்குமான சராசரி ஆழம் எட்டரை அடிதான்.

முப்பது எங்கே, எட்டரை எங்கே? நம் ஏரிகள் இருக்கும் உருவம் அப்படி. மலைப் பக்கத்திலிருந்து மெல்லச் சரிந்து வரும் நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் மட்டும் கரை போட்டிருக்கிறார்கள். மற்ற பக்கங்களில் கரையே கிடையாது, நிலம் தானாக மேடேறிப் போய்விடும். அரிசி புடைக்கும் முறத்தைச் சற்றே பின்பக்கம் சாய்த்துத் தண்ணீர் விட்டால் எப்படி நிற்குமோ அப்படி: கரையோரம் ஆழக் கசம், உள்வாயில் (கரைக்கு உட்பக்கம் தண்ணீர் பரவும் நிலத்தில்) முழங்கால், அதற்கும் அப்பால் கணுக்கால். ஆகவே முதல் பத்து அடி கரையை ஒட்டிய ஒரு குறுகிய பட்டையில் அடங்கிவிடுகிறது. மேலே போகப் போக ஒவ்வொரு அடியும் பல மடங்கு நிலத்தில் பரவ வேண்டியிருக்கிறது.

மட்டம் ஏற ஏறப் பரப்பும் சீராக விரிகிறது என்று வைத்துக்கொண்டு நானே போட்ட தோராயக் கணக்கு இது. நீர்வளத் துறையின் அட்டவணை அல்ல, போக்கு புரிவதற்காக மட்டும். 15 அடியில், அதாவது பாதி உயரத்தில், இருக்கும் தண்ணீர் நூற்றுச் சொச்சம் மில்லியன் கன அடி. மொத்தத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை. 25 அடியில் சுமார் 700. கடைசி ஒரு அடி மட்டும் 160-க்கு மேல். கீழே இருந்து 15 அடி வரை சேர்ந்த தண்ணீரை விட, உச்சியில் இருக்கும் அந்த ஒரே அடியில் அதிகத் தண்ணீர் இருக்கிறது!

இதற்காகத்தான் பொறியாளர்கள் ஒவ்வொரு ஏரிக்கும் கொள்ளளவு அட்டவணை என்று ஒன்று வைத்திருப்பார்கள். உள்வாயை அளந்து, இத்தனை அடிக்கு இத்தனை மில்லியன் கன அடி என்று எழுதிய பட்டியல். செய்தியில் அடி மட்டும் வந்து அட்டவணை எண் வராவிட்டால், வந்தது பாதிச் செய்திதான். கல்வெட்டில் பொறித்துக் கரையில் நட்டு வைக்க வேண்டிய ஒன்றை அலுவலகக் கோப்பில் வைத்திருக்கிறோம் என்பது என் ஆதங்கம்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் இன்னொரு விஷயம் பிடிபடும். ஏரி ஒரே நாளில் அரை அடி ஏறியது என்று வைத்துக்கொள்வோம். 12 அடியில் இருக்கும்போது அந்த அரை அடி ஏற, வரத்து வினாடிக்குச் சுமார் 90 கன அடி இருந்தால் போதும். 28 அடியில் இருக்கும்போது அதே அரை அடிக்கு 800 கன அடி வேண்டும். ஆகவே ஐப்பசியில் 'மளமளவென்று ஏறுது' என்று சந்தோஷப்படுவதும், கார்த்திகையில் 'வரத்து நின்னுபோச்சு' என்று வருத்தப்படுவதும் சில நேரம் ஒரே அளவு வரத்தைப் பார்த்துத்தான். வரத்தை அறிய அடி எவ்வளவு ஏறியது என்று கேட்டால் போதாது, எந்த அடியிலிருந்து ஏறியது என்றும் கேட்க வேண்டும்.

அளவுகோலும் மதகும்

அளவுகோலைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தவர்களுக்கு இன்னும் சில சங்கதிகள் தெரியும். பெரும்பாலும் அது மதகை ஒட்டி, படித்துறை போலக் கட்டிய சுவரில் இருக்கும். கறுப்பு வெள்ளைப் பெயின்ட்டில் அடிக் கோடுகள், நடுநடுவே பத்தில் ஒரு பங்குக் கோடுகள். தண்ணீர் பல மாதம் நின்ற இடத்தில் பாசி படிந்து எண் மறைந்திருக்கும். காற்று அடிக்கும் நாளில் அலை கால் அடிக்கும் மேலேயே ஏறி இறங்கும். ஏரியைப் பார்த்துக்கொள்ளும் துறைப் பணியாளரான லஸ்கர் சற்று நேரம் நின்று மேலே போனதையும் கீழே வந்ததையும் பார்த்து நடுவில் ஒரு எண்ணைக் குறித்துக்கொள்வார். காலை அளவு, மாலை அளவு. வெள்ளக் காலத்தில் மணிக்கு ஒரு அளவு.

அந்தச் சுவரில் பூஜ்ஜியம் எங்கே இருக்கிறது என்பது முக்கியம். பெரும்பாலும் அது ஏரியின் தரை அல்ல, மதகின் அடிமட்டம். அதற்குக் கீழே தண்ணீர் இருந்தாலும் மதகு வழியே வெளியே வராது. ஆடு மாடு குடிக்கும், மீன் கிடக்கும், நிலத்தில் ஊறிக் கிணறுகளுக்குப் போகும். பாசனக் கணக்கில் அது இல்லை. 'ஏரி வறண்டுவிட்டது' என்று பதிவேடு சொல்லும் நாளில் கரையோரம் பையன்கள் மீன் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இதுதான் காரணம்.

பெரிய ஏரிகளில் மதகு ஒன்றல்ல. காவேரிப்பாக்கத்தில் பத்து மதகுகள். எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்காது. மேட்டு நிலத்துக்குப் பாயும் மதகு உயரத்தில் இருக்கும், பள்ள மதகு தாழ்ந்திருக்கும். ஏரி இறங்கிக்கொண்டே வரும்போது முதலில் மேட்டு மதகு நின்றுபோகும். அன்றிலிருந்து ஊரில் பாதிப் பேருக்கு ஏரி இருந்தும் இல்லாத மாதிரி. கடைசி வரை பாய்வது பள்ள மதகு மட்டும். ஆகவே ஏரிப் பாசன நிலம் வைத்திருக்கும் ஆயக்கட்டுக்காரரிடம் போய் 'ஏரியில் எத்தனை அடி?' என்று கேட்டால் அவர் எண் சொல்வதில்லை. 'மேட்டு மதகு இன்னும் பத்து நாள் ஓடும்ப்பா' என்பார். நீர்மட்டம் என்பதற்கு அவர் கொடுக்கும் பொருள் அதுதான், எனக்கு அதைவிடச் சரியான பொருள் தெரியவில்லை. நவரைப் பட்டத்துக்கு நாற்று விடலாமா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்வது அந்தப் பத்து நாளை வைத்துத்தான்.

நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்த ஊர்களில் இந்தக் கணக்கை அவர் தலையில் வைத்திருப்பார். எந்த மதகை எத்தனை நாள் திறப்பது, எந்தக் கழனிக்கு முறை எப்போது என்று முடிவு செய்வது அவர் பொறுப்பு. அறுவடையில் அவருக்கு நெல் பங்கு உண்டு. ஆழ்துளைக் கிணறுகள் பெருகப் பெருக அந்த வேலைக்கு ஆள் தேவைப்படாமல் போயிற்று. மோட்டார் வைத்திருப்பவர் மதகைப் பார்ப்பதில்லை. ஏரி நிறைந்தால்தான் தன் மோட்டாரிலும் தண்ணீர் வரும் என்பது அவருக்குத் தெரியும், ஆனால் எந்த அடியில் எந்த மதகு நிற்கும் என்பது அவருக்கு வேண்டாத விவரம்.

கோடி

எங்கள் பக்கம் ஏரி நிரம்பிவிட்டது என்று சொல்வதில்லை, கோடி போகுது என்பார்கள். கரையின் ஓரத்தில் கரையைவிடத் தாழ்வாகக் கல்லால் கட்டிய கலங்கல்தான் கோடி. ஏரியின் முழு மட்டம் என்று எழுதியிருப்பது இந்தக் கோடியின் உச்சி மட்டம். கரையின் தலை அதைவிடப் பல அடி உயரத்தில் இருக்க வேண்டும். அந்த இடைவெளிதான் மண் கரைக்குக் காப்பு. தண்ணீர் மண் கரையின் தலையைத் தாண்டி வழிந்தால் சில மணி நேரத்தில் கரை அறுந்துவிடும், கல் கோடியில் வழிந்தால் ஒன்றும் ஆகாது. எத்தனை அடி தண்ணீர் பிடிக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது கரையின் உயரமல்ல, கோடியின் உயரமும் அதன் நீளமும்தான்.

ஊர்ச் சண்டையும் அங்கேதான். ஆயக்கட்டுக்காரருக்கு மட்டம் கூட வேண்டும். உச்சியில் அரை அடி கூடினால் எவ்வளவு தண்ணீர் என்று மேலே பார்த்தோமே, அவருக்கு அட்டவணை தெரியாவிட்டாலும் அந்த லாபம் தெரியும். மார்கழியில் கோடியின் மேல் மணல் மூட்டைகளை அடுக்கிவிடுவார்கள். பழைய கலங்கல்களில் இதற்காகவே உச்சியில் வரிசையாகக் கற்கள் நட்டு, மழை ஓய்ந்த பிறகு இடையில் மண்ணும் புல்லும் வைத்து அடைக்கும் வழக்கம் இருந்தது. உள்வாயில் பயிர் வைத்திருப்பவருக்கோ மட்டம் குறைய வேண்டும். கடைசி ஓரடித் தண்ணீர் பரவுவது அவர் நிலத்தில். ராத்திரியோடு ராத்திரியாகக் கோடியை உடைத்துவிட்டார்கள் என்று வரும் செய்திகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கணக்கு இருக்கும். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. அந்தச் சட்டப்படி எல்லைக் கல் நட வேண்டுமென்றால் முதலில் முழு மட்டம் எது என்று தெரிய வேண்டும். நீர்மட்டம் நில எல்லையாகவும் மாறிவிடுகிறது.

கோடி ஒழுங்காக இல்லாத ஏரி ஒன்று உடைந்தால் அதோடு நிற்காது. நம் ஏரிகள் சங்கிலி. ஒன்றின் கோடி அடுத்ததன் வரத்து. 1903 நவம்பரில் மேலே மைசூர் சமஸ்தானத்துப் பகுதியில் ஏரிகள் அடுத்தடுத்து உடைந்த தண்ணீர் பாலாற்றில் சேர்ந்து வாணியம்பாடியை அடித்துக்கொண்டு போனது. அந்த ஊரில் அந்த வெள்ளத்தை இன்னும் சொல்வார்கள்.

வருகிற வழி

சரி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இங்கே ஏரிகள் இரண்டு வகை. தன் நீர்ப்பிடிப்பில் பெய்யும் மழையை மட்டுமே நம்பியிருப்பது மானாவாரி ஏரி. ஆற்றிலிருந்து கால்வாய் வழியாகவும் பெறுவது இன்னொரு வகை. காவேரிப்பாக்கம் இரண்டாவது வகை. பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் காலத்தது என்று சொல்லப்படும் அந்த ஏரிக்கு, வாலாஜாப்பேட்டையை அடுத்த பாலாறு அணைக்கட்டிலிருந்து கால்வாய் வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கட்டிய அந்த அணைக்கட்டில் தண்ணீர் தேங்குவதில்லை, ஆற்றின் மட்டத்தை உயர்த்திப் பக்கவாட்டில் திருப்பி விடுகிறது. காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி, சக்கரமல்லூர், தூசி என்று நான்கு கால்வாய்கள். மகேந்திரவாடியில் ஏரிக்கரைக்குப் பக்கத்தில் ஒற்றைப் பாறையில் குடைந்த கோயில் ஒன்று நிற்கிறது. முதலாம் மகேந்திரவர்மன் தன் பெயரில் தடாகம் அமைத்து அதன் கரையில் கோயில் எடுத்தான் என்று அங்கேயே கல்வெட்டு இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு ஏரிக்கு வெள்ளைக்காரன் காலத்துக் கால்வாய்!

இந்தக் கால்வாய்க் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். வினாடிக்கு ஒரு கன அடி என்பது ஒரு நாளைக்கு 86,400 கன அடி. வினாடிக்கு 500 கன அடி வீதம் காவேரிப்பாக்கத்துக்கு ஓயாமல் வந்தால் காலி ஏரி நிறைய 34 நாள் ஆகும். பாலாற்றில் தொடர்ந்து 34 நாள் வெள்ளம் ஓடுவது எல்லா வருஷமும் நடக்கிற காரியமா? 2021 நவம்பரில் அணைக்கட்டில் வெள்ளம் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியது. அந்த வேகத்துக்கு, காவேரிப்பாக்கம் ஏரி கொள்ளும் மொத்தத் தண்ணீரும் நாலு மணி நேரத்தில் அணைக்கட்டைக் கடந்து கடலைப் பார்த்துப் போயிருக்கும். கால்வாய் தன் அகலம் எவ்வளவோ அவ்வளவுதான் எடுக்கும். 'இவ்வளவு வெள்ளம் வந்தும் ஏரி நிறையலையே' என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் மேகத்தில் இல்லை, கால்வாயில் இருக்கிறது: எத்தனை நாள் ஓடியது, ஷட்டர் எப்போது திறந்தது, வழியில் எவ்வளவு தூர்ந்திருக்கிறது. பெருவெள்ளம் வந்த நாலு நாளை விட, ஆற்றில் சன்னமாக ஓடும் நாற்பது நாள் ஏரிக்கு உதவும்.

மேலே என்ன நடக்கிறது என்பதும் இங்கே தெரிய வேண்டும். பாலாறு கர்நாடகத்தில் பிறந்து ஆந்திரத்தைத் தொட்டுக்கொண்டு இங்கே வருகிறது. 1892-ல் சென்னை மாகாணமும் மைசூரும் ஆற்று நீர் பற்றிச் செய்துகொண்ட ஒப்பந்தப் பட்டியலில் பாலாறும் உண்டு. ஆனால் வேலூரைத் தாண்டிய பிறகு நாம் பார்க்கும் வெள்ளத்தில் பெரும்பங்கு துணையாறுகளின் கொடை. குடியாத்தம் பக்கம் கௌண்டன்யா ஆறு, அதன் மேல் மோர்தானா அணை: உயரம் 37.72 அடி, கொள்ளளவு 261 மில்லியன் கன அடி. சித்தூர்ப் பக்கத்திலிருந்து வரும் பொன்னையாறு, அதற்கு மேலே ஆந்திரத்தில் கலவகுண்டா அணை. இந்த இரண்டிலும் எவ்வளவு திறந்தார்கள் என்பது அடுத்த நாள் பாலாறு அணைக்கட்டு அளவில் தெரியும்.

மழை அளவோ வேறு கதை. காலை எட்டரை மணிக்கு எடுக்கும் மழை அளவுப் பட்டியலைப் பார்த்திருப்பீர்கள். அதில் வேலூர், காட்பாடி, குடியாத்தம், பொன்னை, மேல்ஆலத்தூர் என்று ஊர்களோடு அம்முண்டி சர்க்கரை ஆலை, கேத்தாண்டப்பட்டி சர்க்கரை ஆலை என்றும் இருக்கும். கரும்பு ஆலைக்கு மழைக் கணக்கு தேவைப்பட்டதால் அங்கே மழைமானி வந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் மானிகள் நிறைய இருப்பது ஊரும் ஆலையும் இருக்கும் சமவெளியில். ஜவ்வாது மலைச் சரிவிலும் ஆந்திர எல்லைக் காடுகளிலும் பெய்வதுதான் ஏரிக்கு வருகிறது. வேலூரில் 2 சென்டிமீட்டர் மழை என்று படித்துவிட்டு, மலையில் 8 பெய்ததை மறுநாள் ஆற்றைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம்.

எத்தனை ஏரி நிரம்பியது?

அடுத்து வரும் செய்தி எண்ணிக்கை. பழைய வேலூர் மாவட்டத்தில் நீர்வளத் துறையிடம் 519 ஏரிகள். 2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது அவற்றில் 369 ராணிப்பேட்டைக்கும், 101 வேலூருக்கும், 49 திருப்பத்தூருக்கும் போயின. ஆயக்கட்டு நூறு ஏக்கருக்கு மேல் உள்ளவை பொதுவாக இந்தத் துறையிடம், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடம். ஏரிகளைச் சங்கிலியாக இணைக்கும் ஆறும் சரிவும் ராணிப்பேட்டைப் பக்கம்தான் என்பதால் இந்தப் பங்கீட்டில் ஆச்சரியம் இல்லை.

மழைக் காலத்தில் துறை வெளியிடும் பட்டியலில் முழுதும் நிரம்பியவை, 76 முதல் 99 சதவீதம், 51 முதல் 75, 26 முதல் 50, 25-க்குக் கீழ், வறண்டவை என்று வகை பிரித்திருப்பார்கள். 'மாவட்டத்தில் 200 ஏரிகள் நிரம்பின' என்பது போல ஒரு தலைப்பு வந்தால் மனம் குளிரும். அந்த இருநூறில் சின்ன ஏரிகள் எத்தனை, பெரியவை எத்தனை? எண்ணிக்கையில் காவேரிப்பாக்கமும் ஒன்று, முப்பது நாற்பது மில்லியன் கன அடி கொள்ளும் ஏரியும் ஒன்று. சின்ன ஏரிகள் சீக்கிரம் நிறையும், சீக்கிரம் வற்றும். பெரியது மெல்ல நிறையும், அடுத்த கோடை வரை நிற்கும். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பஞ்சத்துக்கு முந்தைய வருஷம்கூடச் செழிப்பாகத் தெரியும். மொத்தக் கொள்ளளவில் இன்று கையிருப்பு எவ்வளவு என்று ஒரே ஒரு எண் சேர்த்துப் போட்டால் போதும், அதற்கான தரவு துறையிடம் இருக்கிறது.

அந்தக் கொள்ளளவு எண்ணின் மேலேயே ஒரு சந்தேகமும் வைத்துக்கொள்ள வேண்டும். அட்டவணை எழுதிய நாளுக்குப் பிறகு வண்டல் படிந்துகொண்டே வந்திருக்கிறது. கால்வாயிலிருந்து வரும் தண்ணீரின் வேகம் உள்வாயில் தணியும்போது மணலும் களியும் அங்கேயே இறங்கும். ஆகவே மேடாவது பெரும்பாலும் உள்வாய்தான். 2017-ல் மீண்டும் தொடங்கிய, ஊரார் சேர்ந்து ஏரியைச் சீர் செய்யும் குடிமராமத்துப் பணிகளில் பல ஏரிகளில் வண்டல் எடுத்தார்கள். எடுத்த பிறகு மறுபடி அளந்து அட்டவணையைத் திருத்தாவிட்டால், எத்தனை அடிக்கு எவ்வளவு என்ற கணக்கு பழையதாகவே இருக்கும். கரையோரம் மட்டும் பள்ளம் தோண்டினால் மதகுக்குக் கீழே குழி விழும், அங்கே நிற்பது பாசனத்துக்கு வராத தண்ணீர். கிணறுகளுக்கு நல்லது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

போகிற வழியில் வெயிலையும் மறக்கக் கூடாது. ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்தால், நிறைந்த காவேரிப்பாக்கத்திலிருந்து தினம் 28 லட்சம் கன அடி வானத்துக்குப் போகிறது. மதகு மூடியிருக்கும்போதே வினாடிக்கு முப்பது கன அடிக்கு மேல் செலவு. மாதம் அரை அடி. தை மாதத்தில் மதகு திறக்காமலே மட்டம் இறங்கினால் மடையில் கசிவு என்று சந்தேகப்படுவதற்கு முன் இந்த அரை அடியைக் கழித்துவிட வேண்டும். சராசரி ஆழம் எட்டரை அடி உள்ள அகன்ற ஏரிக்கு இது பெரிய இழப்பு. ஏரியில் சேமித்து அடுத்த வருஷத்துக்கு வைப்பது நம் ஊர் வெயிலில் நடக்காது. ஒரு போகத்துக்கான ஏற்பாடு அது, மீதி நிலத்தடிக்கு.

மேலிருந்து பார்ப்பது

இப்போது செயற்கைக்கோள் படங்கள் எல்லாருக்கும் கிடைக்கின்றன. ஐரோப்பிய சென்டினல்-2 படங்கள் சில நாட்களுக்கு ஒரு முறை, பத்து மீட்டர் துல்லியத்தில், காசில்லாமல். தண்ணீர் பரவிய இடத்தைப் படத்தில் அளந்து, பரப்பிலிருந்து கொள்ளளவைக் கணிக்கலாம். முறம் போன்ற ஏரிக்கு இந்த முறை நன்றாகவே பொருந்தும். அரை அடி ஏறினால் உள்வாயில் தண்ணீர் வெகுதூரம் முன்னேறும், படத்தில் பளிச்சென்று தெரியும். கரையில் நின்று அளவுகோல் பார்ப்பவருக்கு ஒரு அடி வித்தியாசம், மேலிருந்து பார்ப்பவருக்கு நூற்றுக்கணக்கான ஏக்கர்.

தொல்லை என்னவென்றால், நமக்கு அளவு அவசரமாகத் தேவைப்படுவது மழை கொட்டும் வாரத்தில். அப்போது படத்தில் மேகம்தான் தெரியும். சென்டினல்-1 ரேடார் மேகத்தை ஊடுருவிப் பார்க்கும். ஆனால் ஏரி முழுக்க ஆகாயத்தாமரை மூடியிருந்தாலோ, உள்வாயில் சீமைக் கருவேலம் காடாக நின்றாலோ ரேடாரும் தடுமாறும், கருவேலத்துக்குக் கீழே நிற்கும் தண்ணீரைத் தரை என்றே எழுதிவிடும். மதகின் மட்டமும் கோடியின் நிலையும் மேலிருந்து தெரியப்போவதில்லை. செயற்கைக்கோளும் லஸ்கரும் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும்.

வேலூர் நகரத்து ஏரிகளுக்கு இந்தக் கணக்கு எதுவும் அப்படியே பொருந்தாது. சதுப்பேரியில் கோடையிலும் தண்ணீர் நிற்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது, வந்து சேர்வது நகரத்துக் கழிவு. ஆயக்கட்டு வீட்டு மனையாகிவிட்ட ஏரியில் மதகைத் திறக்க ஆள் இல்லை, ஆகவே மட்டம் இறங்குவதில்லை. அங்கே கவனிக்க வேண்டியது எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதை அல்ல, அடுத்த மழைக்கு எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்பதை. கோட்டை அகழியிலும் இதேதான். 2021 நவம்பரில் அகழி ஏறி ஜலகண்டேசுவரர் கோயிலுக்குள் தண்ணீர் புகுந்தது. வந்த தண்ணீர் போக வழியில்லாமல் மோட்டார் வைத்து இறைக்க வேண்டியிருந்தது.

காவேரிப்பாக்கத்தில் கோடி போகும் தண்ணீர் கீழே உள்ள ஏரிகளை நிரப்பிக்கொண்டு கொசஸ்தலை ஆறாக ஓடுகிறது. அரக்கோணத்துக்கு அந்தப் பக்கம் கேசாவரம் அணைக்கட்டில் ஒரு பங்கு கூவத்துக்குப் பிரியும், மீதி பூண்டிக்குப் போகும். சென்னை குடிக்கும் பூண்டி. கார்த்திகையில் 'காவேரிப்பாக்கம் 30 அடி' என்ற செய்தியை அந்த நகரத்தில் யாரும் படிப்பதில்லை. படித்தால், பூண்டிக்கு வரத்து எப்போது கூடும் என்பது அவர்களுக்குச் சில நாட்கள் முன்னதாகவே தெரிந்திருக்கும்.